கோடையை உண்போர்

மேற்கு ஆபிரிக்காவிலே கோடிக்கணக்கான மக்கள் பேசும் மொழிகளுள் ஹௌசாவும் ஒன்று. நைஜர் நாட்டின் தென்பகுதியிலும் நைஜீரியாவின் வடபகுதியிலும் வாழும் உழவர் பலருக்கு அதுவே தாய்மொழி. அம்மொழியில் ‘சின் ரானி’ என்றொரு சொற்றொடர் வழங்குகிறது. ‘ரானி’ என்பது மழையற்ற காலம். ‘சின்’ என்பது உண்ணுதல். அறுவடை முடிந்தபின் வேற்றூருக்குக் கூலி வேலை தேடிப் போனவனைக் குறித்து, ‘அவன் கோடையை உண்ணப் போயிருக்கிறான்’ என்று ஊரார் கூறுவர்.

கேட்பதற்கு விநோதமாகத் தோன்றும் இச்சொற்றொடருக்குள் ஒரு குடும்பக் கணக்கு அடங்கியிருக்கிறது. களஞ்சியத்திலே கம்பும் இறுங்கும் இவ்வளவுதான் உண்டு. அடுத்த அறுவடைக்கோ ஏறக்குறைய ஓராண்டு செல்லும். அதில் எட்டு மாதம் வயலில் வேலை கிடையாது. உழைத்து உரமேறிய இளைஞன் ஒருவன் அந்த எட்டு மாதமும் வீட்டிலிருந்து உண்பானாயின், பெண்டு பிள்ளைகளின் பங்கும் முதியோரின் பங்கும் குறையும். ஆகவே அவன் தன் வாயையும் வயிற்றையும் வேற்றூருக்குக் கொண்டுபோகிறான். வரும்போது பணம் கொண்டுவந்தால் நன்று. வெறுங்கையோடு வந்தாலும், அவன் உண்ணாது விட்ட தானியம் வீட்டிலே மிஞ்சியிருக்கும். அதுவும் வருவாய்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் கற்பிக்கும் வகுப்பிலே மேற்கு ஆபிரிக்காவைப் பற்றிக் கட்டுரையொன்று எழுதுமாறு மாணவரைப் பணித்திருந்தேன். ஒருவன், ‘மழை பொய்த்தது, நிலம் வறண்டது, உழவர் ஊரைத் துறந்து ஐரோப்பாவுக்குப் படகேறினர்’ என்று முடித்திருந்தான். சுருக்கம் அழகாயிருந்தமையாற் சரியென்று அடையாளமிட்டுப் புள்ளியும் கொடுத்தேன். பின்னர் அந்நாடுகளைப் பற்றிய நூல்களைத் தேடிப் படிக்கப் படிக்க, அந்தச் சரி அடையாளம் என்னை உறுத்தலாயிற்று. அவன் சொன்னவற்றுள் முதல் இரண்டும் பாதி உண்மை. மூன்றாவது பெரும்பாலும் பிழை. பிள்ளையைக் குறை கூறுவதற்கில்லை. செய்தித்தாளிற் கண்டதைத்தான் அவன் எழுதினான். கண்டித்துத் திருத்தியிருக்க வேண்டியவன் நான்.

மழை வரும் வழி

சகாராப் பாலைவனத்தின் தென்விளிம்பிலே, மேற்கே செனகல் தொடங்கிக் கிழக்கே சூடான் வரை நீண்டு கிடக்கும் நிலத்துக்குச் சாகெல் என்று பெயர். அரபு மொழியில் அதற்குக் கரை என்பது பொருள். பாலைவனத்தைக் கடலாகக் கொண்டால், அதைக் கடந்து வரும் ஒட்டக வணிகர் கரைசேரும் இடம் இதுவே.

சூரியன் வடக்கே சாயும் மாதங்களிற் சகாரா நிலம் கொதிக்கிறது. அப்போது தெற்கேயுள்ள கினி வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று நிலத்தை நோக்கி இழுக்கப்படுகிறது. மழைப்பட்டை மெல்ல மெல்ல வடக்கே ஏறி, ஓகஸ்ட் மாதத்திலே தன் எல்லையைத் தொட்டு, செப்தெம்பர் கழிவதற்குள் பின்வாங்கத் தொடங்கிவிடும். அதன்பின் வடகிழக்கிலிருந்து ஹர்மட்டான் என்னும் வறண்ட காற்று பாலைப் புழுதியைச் சுமந்துகொண்டு வீசும். நைஜரின் தலைநகராகிய நியாமேயில் ஆண்டு மழை ஏறக்குறைய 550 மில்லிமீற்றர். அதுவும் பெரும்பாலும் யூன் முதற் செப்தெம்பர் வரை நான்கே மாதங்களில் விழுந்து தீர்ந்துவிடும்.

தெற்கே கரையோரத்திலோ நிலைமை வேறு. அபிஜான் நகரை அண்டிய காட்டுப் பகுதியில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்கள் உண்டு. கொக்கோவும் கோப்பியும் செழிக்கும் பூமி அது. கொக்கோவின் பெரும்போக அறுவடை ஒக்டோபரில் தொடங்கி மார்ச் அளவும் நடைபெறும். வடக்கே கைகள் ஓய்ந்திருக்கும் மாதங்களில் தெற்கே கைகள் போதாமல் இருக்கின்றன. இரண்டு நிலத்தையும் ஓர் உழவனே பயன்படுத்திக்கொள்ளும்படி இயற்கை ஏற்பாடு செய்து வைத்தாற்போல இருக்கிறது.

ஆயினும் அந்தப் பாதையை இயற்கை மட்டும் வகுத்ததாகக் கொள்ளலாகாது. 1896இல் பிரெஞ்சுப் படைகள் மொசி மக்களின் தலைநகராகிய உவாகதூகுவைக் கைப்பற்றின. பின்னர் தலைவரி வந்தது. அவ்வரி நாளடைவிற் பிராங்கு நாணயத்திலே செலுத்த வேண்டியதாயிற்று. கம்பு விளையும் ஊரிலே பிராங்கு விளையாது. அது விளையும் இடத்துக்குத்தான் போக வேண்டும். போகாதவரையும் விட்டுவைக்கவில்லை. வீதி போடவும், இருப்புப்பாதை அமைக்கவும், ஐரோப்பியரின் தோட்டங்களில் வேலை செய்யவும் கட்டாய ஊழியத்துக்கு ஆட்கள் பிடிக்கப்பட்டனர். 1932இல் மேல்வோல்ட்டா என்னும் குடியேற்ற நாட்டையே கலைத்து அண்டை நாடுகளுக்குப் பங்கிட்டனர். பெரும்பங்கு ஐவரி கோஸ்ட்டுக்குச் சென்றது. அங்குள்ள தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தமை அதற்கான காரணங்களுள் ஒன்று. 1947இல் அந்நாடு மீண்டும் அமைக்கப்பட்டது. 1984 முதல் அதன் பெயர் புர்கினா பாசோ.

கட்டாய ஊழியத்துக்கு அஞ்சிய மொசி இளைஞர் பலர், எல்லை கடந்து ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த கோல்ட் கோஸ்ட்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, ஓடினர். அங்கும் கொக்கோத் தோட்ட வேலைதான். ஆனாற் கூலி கைக்கு வந்தது. 1946இற் பிரெஞ்சுப் பாராளுமன்றம் கட்டாய ஊழியத்தை ஒழித்தது. அச்சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர் பீலிக்ஸ் ஊபுவே-புவாஞி. அவர் தாமே ஒரு கொக்கோத் தோட்டக்காரர். பிற்காலத்தில் ஐவரி கோஸ்ட்டின் முதலாவது சனாதிபதியாகி 1993 வரை ஆண்டவர். 1954இல் அபிஜானிலிருந்து வந்த இருப்புப்பாதை உவாகதூகுவை எட்டியது. முன்னர் பிடித்துக்கொண்டு போனதை, இனிப் பயணச்சீட்டே செய்யும் என்றாயிற்று. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கதை நம் நாட்டு வாசகர்களுக்குப் புதிதன்று, விரிக்க வேண்டியதில்லை.

ஆட்டின்மேற் போட்ட பழி

நிற்க. 1968ஆம் ஆண்டு தொடங்கிச் சாகெல் நாடுகளிலே மழை குன்றியது. 1973 வரை நீடித்த அந்த வறட்சியிற் கால்நடைகள் இலட்சக்கணக்கில் மடிந்தன, மக்களும் மாண்டனர். சிறிது தேறிய நிலையில், 1983இலும் 1984இலும் மறுபடியும் கொடிய வறட்சி வந்தது. 1960களில் ஏறக்குறைய 25,000 சதுர கிலோமீற்றர் பரந்திருந்த சாட் ஏரி, 1980களில் அதன் பத்திலொரு பங்குக்கும் கீழே சுருங்கிற்று.

இதற்கு யார் பொறுப்பு? அக்காலத்து அறிஞர் பலர், உழவனையும் இடையனையும் சுட்டிக்காட்டினர். ஆடுமாடுகள் அளவுக்கு மிஞ்சி மேய்ந்தமையால் நிலம் வெளுத்துப் போயிற்று. வெளுத்த நிலம் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் மழை குறைகிறது என்று 1975இல் ஜூல் சார்னி என்னும் அமெரிக்க வானிலை அறிஞர் ஒரு விளக்கம் தந்தார். அதிலும் சிறிது உண்மை உண்டு. ஆனாற் பின்வந்த ஆராய்ச்சிகள் வேறொன்றைக் காட்டின. சாகெல் மழையின் ஏற்ற இறக்கத்தைப் பெரிதும் நடத்துவது கடல்களின் மேற்பரப்பு வெப்பம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணினி மாதிரிகளைக் கொண்டு நிறுவியது. வட அத்திலாந்திக் சமுத்திரம் தென்பகுதியைவிடக் குளிர்ந்திருந்தால் மழைப்பட்டை வடக்கே ஏறத் தயங்கும். இந்து சமுத்திரம் சூடேறினாலும் சாகெலில் மழை குறையும். வட அத்திலாந்திக் ஏன் குளிர்ந்தது? ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தொழிற்சாலைகள் கக்கிய கந்தகப் புகை சூரிய ஒளியை மறைத்தமை அதற்கொரு காரணம் என்பது பல ஆய்வாளரின் முடிவு.

அப்படியாயின், பழியை இத்தனை காலமும் சுமந்தது ஆடு. புகைத்தது வேறெங்கோ நின்ற புகைபோக்கி. இன்றைக்கும், உலக மக்களில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கினர் வாழும் ஆபிரிக்கா வெளியிடும் கரியமில வாயு உலக மொத்தத்தில் நூற்றுக்கு நான்கு அளவினதே. சாகெல் உழவனின் பங்கைக் கணக்கிடுவதற்குத் தசமப் புள்ளிக்குப் பின்னர் எத்தனை பூச்சியம் இடவேண்டும் என்பதை மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

1990களுக்குப் பின்னர் மழை ஓரளவு திரும்பியுள்ளது. இதைக் கேட்டதும் மகிழ்ச்சியடைவது இயல்பு. ஆனால் ஆண்டு மொத்தம் என்னும் எண் உழவனுக்கு உதவாத எண். மழை எப்போது தொடங்கியது, இடையில் எத்தனை நாள் நின்றது, எவ்வளவு வேகமாக விழுந்தது என்பவையே அவனுக்கு முக்கியம். 1982க்குப் பின்னர் சாகெலிற் கடும் புயல்மழையின் எண்ணிக்கை மூன்று மடங்காகியிருப்பதாக, செய்மதிப் படங்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2017இல் அறிவித்தனர். இறுகிப்போன செம்மண்ணில் அத்தகைய மழை இறங்காது. மேல்மண்ணையும் முளையையும் வாரிக்கொண்டு ஓடும். ஒரே ஆண்டிலே வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் நிவாரணம் கேட்கும் ஊர்கள் இப்படித்தான் உண்டாகின்றன.

கம்பு விதைப்பவன் முதல் நல்ல மழைக்காகக் காத்திருப்பான். மண் நனைந்த அன்றே, மறுநாளே விதை விழவேண்டும். விதைத்தபின் இரண்டு மூன்று வாரம் வானம் மூடிக்கொண்டால் முளை கருகும். மீண்டும் விதைக்க வேண்டும். அதற்கான விதை, உண்பதற்கு வைத்த தானியத்திலிருந்தே எடுக்கப்படும். அது யூன், யூலை மாதம். பழைய தானியம் தீர்ந்து புதியது வராத காலம். ஆண்டு முழுவதிலும் வயலில் உழைப்பு மிகுந்த காலமும் அதுவே. இரண்டாம் முறையும் பொய்த்தால் மூன்றாம் முறைக்குக் கடன் வாங்கவேண்டும். அக்கடனை எங்கிருந்து அடைப்பது? கோடையை உண்ணப் போனவன் இனி வாயை மட்டும் கொண்டுபோனாற் போதாது. கடனையும் கொண்டுபோகிறான்.

போகிறவர் யார்?

இனி என் மாணவனின் மூன்றாவது வரிக்கு வருவோம். மாலி நாட்டின் மேற்கே, செனகல் நதியின் மேற்பள்ளத்தாக்கிலே கயே என்னும் பிரதேசம் இருக்கிறது. அங்கு வாழும் சோனின்கே மக்கள் பிரான்சுக்கு வேலை தேடிப் போவதிற் பேர்பெற்றவர்கள். பிரான்சிலுள்ள ஊர்ச் சங்கங்கள் அனுப்பிய பணத்தால் எழுந்த பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் மருந்தகங்களும் அங்கே பல. 1983 முதல் 1985 வரையிலான வறட்சியின்போது அப்பிரதேசத்திலிருந்து வெளியேறுவோர் தொகை பெருகியிருக்கும் என்றுதானே எவரும் எண்ணுவர்? சாலி பின்ட்லி என்னும் ஆய்வாளர் வறட்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த குடும்பக் கணக்குகளை ஒப்பிட்டு 1994இல் முடிவை வெளியிட்டார். மொத்தத் தொகை பெருகவில்லை. பிரான்சு போன்ற தூர தேசங்களுக்குச் செல்வது குறைந்தது. அண்மையிலுள்ள ஊர்களுக்குச் சில மாதம் போய்வருவது பெருகியது. அப்படிப் போனவர்களிற் பெண்களும் பிள்ளைகளும் முன்னரைவிட மிகுந்திருந்தனர்.

சிந்தித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. பிரான்சுக்குப் போவதற்குப் பணம் வேண்டும். விளைச்சல் நன்றாயிருந்த ஆண்டிலேதான் அந்தப் பணம் சேரும். வறட்சியாண்டிற் கையிலுள்ளது சோற்றுக்கே போதாது. கப்பற் செலவுக்கு எங்கே போவது? புர்கினா பாசோவில் மழைக் கணக்கையும் மக்களின் இடப்பெயர்ச்சிக் கணக்கையும் ஒன்றாக வைத்து 2004இல் வெளிவந்த ஆய்வொன்றும் ஏறக்குறைய இதையே கூறிற்று. மழை குறைந்த காலத்தில் நாட்டுக்குள்ளேயே வேறு கிராமங்களுக்குப் பெயர்வோர் கூடினர். வெளிநாட்டுக்குச் சிறிது காலம் போய்வருவோர் குறைந்தனர். மேற்கு ஆபிரிக்காவில் ஊர்பெயர்வோரிற் பெரும்பாலோர் மேற்கு ஆபிரிக்காவுக்குள்ளேயே நிற்கின்றனர் என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

ஆகவே வறட்சி மக்களைத் தூரதேசத்துக்குத் துரத்துகிறது என்பதிலும், அவர்களின் கால்நீளத்தைக் குறைத்துவிடுகிறது என்பதே பொருந்தும். முன்னர் போகாதவர்களையும் அது போகச் செய்கிறது. இது ஏதோ சிறிய மாற்றமென்று எண்ணலாகாது. இளைஞன் அபிஜானுக்குப் போவதும், தாயொருத்தி கைக்குழந்தையோடு போவதும் ஒன்றல்ல.

நைஜரின் சிண்டர் மாகாணத்திலே கான்ச்சே என்றொரு பகுதி உண்டு. மக்கள் நெருக்கம் மிகுந்தது. நிலம் துண்டு துண்டாகப் பிரிந்துபோனது. அங்குள்ள பெண்கள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பாலைவனத்தைக் கடந்து அல்ஜீரிய நகரங்களுக்குச் சென்று, வீதிகளில் இரந்தும் சில்லறை வேலை செய்தும் பணம் சேர்ப்பதுண்டு. 2013ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், அல்ஜீரிய எல்லையை அடுத்த பாலைவனத்திலே அவ்வாறு சென்றவர்களின் சடலங்கள் கண்டெடுக்கப்பட்டன. ஏறிச் சென்ற பாரவூர்தி பழுதாகி, தண்ணீரின்றி மடிந்தவர்கள் அவர்கள். மொத்தம் 92 பேர். அவர்களுள் 52 பேர் பிள்ளைகள். 33 பேர் பெண்கள். ஆண்கள் எழுவர் மட்டுமே. ஆள்கடத்துவோர்மீது கடுஞ்சட்டங்கள் வேண்டும் என்று அப்போது எல்லாரும் கூறினர். 2015இல் நைஜரிற் சட்டமும் வந்தது. 2023 நவம்பரில் அது நீக்கவும் பட்டது. அந்தப் பெண்கள் புறப்பட்டது அறுவடைக் காலத்தில் என்பதை எத்தனைபேர் கவனித்தார்கள்? அந்தக் காலத்திலே வீட்டை விட்டுப் புறப்படுகிற குடும்பத்தின் களஞ்சியத்தில் என்ன இருந்திருக்கும்?

போன இடத்திலே

தெற்கே போனவர்களுக்கு நிலம் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். கொக்கோத் தோட்டத்தில் வேலை செய்வோருக்கு ‘அபூசா’ என்றொரு முறை உண்டு. விளைவில் மூன்றிலொரு பங்கு உழைத்தவனுக்கு. சில காலம் அவ்வாறு உழைத்தபின், உள்ளூர்க்காரர் ஒருவரைப் புரவலராகக் கொண்டு, ஆண்டுதோறும் கையுறை கொடுத்துக் காட்டில் ஒரு துண்டைத் திருத்திக்கொள்வர். ஊபுவே-புவாஞியின் அரசாங்கம் திருத்தியவனுக்கே நிலம் என்று ஊக்கமளித்தது. வறண்ட நாட்டவர் ஈரமான காட்டை வெட்டினர். ஐவரி கோஸ்ட் உலகிலேயே கூடிய கொக்கோ விளைக்கும் நாடாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரு கோடியே அறுபது இலட்சம் ஹெக்டேயராக இருந்த அதன் காடு, இன்று முப்பது இலட்சம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இப்பிழையிற் கூலிக்கு வந்த உழவனுக்கும் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை. சொக்கலேற் தின்ற நமக்கும் உண்டு.

காடு தீர்ந்தது, கொக்கோ விலையும் 1980களின் பிற்பகுதியில் வீழ்ந்தது. அப்போது ‘இது யாருடைய நிலம்?’ என்ற கேள்வி எழுந்தது. 1998ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஐவரி கோஸ்ட்டில் நாலிலொரு பங்குக்குச் சற்றே மேற்பட்டோர் வெளிநாட்டவர். அவ்வாண்டு டிசெம்பரில் வந்த சட்டம், கிராம நிலத்தின் உரிமை உள்நாட்டவர்க்கே என்றது. 1999இல் தென்மேற்கேயுள்ள தபூ பகுதியிலிருந்து புர்கினா உழவர் ஆயிரக்கணக்கில் விரட்டப்பட்டனர். 2002இல் உள்நாட்டுப் போர் வெடித்தது, புகையிரதமும் நின்றது. முப்பது நாற்பது ஆண்டு உழைத்தவர்கள், அங்கேயே பிறந்து தந்தையின் ஊரைக் கண்ணாலும் கண்டறியாத பிள்ளைகளோடு வடக்கே திரும்பினர்.

இது முதல் தடவையன்று. 1969 நவம்பரிற் கானா அரசாங்கம், அனுமதிப் பத்திரமில்லாத அந்நியர் இரண்டு வாரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று கட்டளையிட்டது. 1983 சனவரியில் நைஜீரியா, ஏறக்குறைய இருபது இலட்சம் பேரை வெளியேறச் செய்தது. அவர்களிற் பாதியளவினர் கானா நாட்டவர். அந்த ஆண்டிலேயே கானாவில் வறட்சியும் காட்டுத்தீயும் உணவுப் பஞ்சமும் தலைவிரித்தாடின. பஞ்சத்துக்குள் பத்து இலட்சம் பேர் திரும்பி வந்தனர். கட்டம் போட்ட மலிவான பெரிய பைகளிலே பொருட்களை அடைத்துக்கொண்டு அவர்கள் வெளியேறினர். நைஜீரியாவில் இன்றும் அவ்வகைப் பைக்குக் ‘கானாவே போ’ என்றே பெயர்.

இவற்றுக்கு மாற்றாகவே, மேற்கு ஆபிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகம் 1979இல் ஓர் உடன்படிக்கை செய்தது. உறுப்பு நாட்டவர் விசாவின்றி எல்லை கடந்து தொண்ணூறு நாள் தங்கலாம் என்பது அதன் முதற்படி. எல்லைச் சாவடிகளிற் காவலர் கேட்கும் கைக்கூலி ஒருபுறமிருக்க, அது ஒரு பெரிய வாயில். 2025 சனவரி 29ஆம் நாள் மாலி, புர்கினா பாசோ, நைஜர் ஆகிய மூன்றும் அச்சமூகத்தினின்று முறைப்படி விலகின. கோடையை உண்ணப் பெருந்தொகையாகப் புறப்படும் நாடுகள் இம்மூன்றுமே. அவர்களின் பயணப் பத்திரங்களை மறு அறிவித்தல் வரை முன்போல ஏற்குமாறு சமூகம் அப்போது கேட்டுக்கொண்டது. மறு அறிவித்தல் என்பது மிக மெல்லிய கயிறு. அதிலே கோடிக்கணக்கானவரின் எட்டு மாத உணவு தொங்குகிறது.

என் அச்சம் இதுதான். போகவும் வரவும் கூடிய பாதை இருக்கும்வரை, ஊர்பெயர்தல் உழவின் ஓர் அங்கம். ஏரைப் போல, விதையைப் போல அதுவும் ஒரு கருவி. வாயில் அடைபடும் என்று அஞ்சுகிறவன் திரும்பி வரத் துணியமாட்டான். போனவன் நகரத்திலேயே நின்றுவிட்டால், அடுத்த விதைப்புக்கு ஊரிற் கை குறையும். மழை முந்தியோ பிந்தியோ வரும் இக்காலத்தில், வேளைக்கு வந்து சேரும் கைகளின் அருமை முன்னரைவிட மிகுந்திருக்கிறது.

ஊரிலேயே கோடையை உண்டவர்

புர்கினா பாசோவின் வடக்கே யாத்தெங்கா என்னும் மொசி நாட்டிலே, வறட்சிக் காலத்தில் ஊரைவிட்டுப் போகாமல் நின்ற உழவர் ஒருவரை உலகம் அறியும். யக்கூபா சவாதோகோ என்பது அவர் பெயர். அப்பகுதியில் ‘ஸாயீ’ எனப்படும் பழைய முறையொன்று இருந்தது. மழைக்கு முன்னரே, இறுகிய தரையிற் சிறு குழிகள் தோண்டி விதைப்பது. சவாதோகோ 1980களில் அக்குழிகளை அகலமாகவும் ஆழமாகவும் தோண்டி, உள்ளே எருவும் குப்பையும் இட்டார். எருவைத் தேடிக் கறையான் வரும். அது துளைத்த வழியே நீர் கீழே இறங்கும். ஊரார் அவருக்குப் பித்தென்றனர். கோடையிலே வெற்றுத் தரையைக் குழி பறிப்பவனை வேறென்ன சொல்வது? ஆனாற் குழியிற் கம்பு விளைந்தது. எருவிலிருந்த விதைகள் மரங்களாயின. நாளடைவில் அது ஒரு காடாயிற்று. நகர் விரிவாக்கத் திட்டம் அக்காட்டின் ஒரு பகுதியைக் கூறுபோட்டதையும் அவர் காண நேர்ந்தது. 2018இல் சுவீடனின் ‘சரியான வாழ்வு’ விருது அவருக்குக் கிடைத்தது. 2023 டிசெம்பரில் மறைந்தார்.

நைஜரின் மராடிப் பகுதியிலும் இதுபோன்றதொன்று நடந்தது. அங்கே மரம் நட்டுச் சலித்துப்போன டோனி ரினோடோ என்னும் ஆஸ்திரேலியர், வயலிற் புதராகக் கிடந்தவை வெட்டுண்ட மரங்களின் உயிருள்ள அடிக்கட்டைகளே என்பதை 1983இற் கண்டுகொண்டார். புதிதாக நடவேண்டியதில்லை, துளிர்களிற் சிலவற்றைக் கழித்துச் சிலவற்றை வளரவிட்டாற் போதும். வளர்ந்த மரம் அரசாங்கத்தின் சொத்து என்னும் பழைய விதி தளர்ந்தபோது, உழவர் அதைத் தாமாகவே பரப்பினர். இன்று ஏறக்குறைய ஐம்பது இலட்சம் ஹெக்டேயரில் மரங்கள் நிற்கின்றன. அவற்றுள் ‘காவோ’ என்னும் மரத்தின் இயல்பு விந்தையானது. மழைக்காலத்தில் இலையுதிர்த்துக் கம்புக்கு வெயிலை விட்டுக்கொடுக்கும். கோடையிலே தழைத்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் நிழலும் நெற்றும் தரும். மனிதர் வெளியேறும் மாதங்களில் அது ஊரிலே பச்சையாக நிற்கிறது.

இவற்றைக் காட்டி, ‘ஆகவே எவரும் ஊரைவிட்டுப் போகவேண்டியதில்லை’ என்போரும் உளர். நான் அவ்வளவு தூரம் செல்லமாட்டேன். ஹெக்டேயர் ஒன்றுக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழிகள் தோண்டவேண்டும். அதற்கு இளங்கைகள் வேண்டும். எரு வாங்கவும் வண்டி வாங்கவும் பணம் வேண்டும். அந்தப் பணத்தைப் பல வீடுகளிற் கொண்டுவந்தவன் கோடையை உண்ணப் போனவனே. யாத்தெங்காவிற் குழி தோண்டுவதையே கூலி வேலையாகக் கொண்டு ஊரூராகச் சென்ற இளைஞர் கூட்டங்களும் இருந்தன. அன்றியும், வட புர்கினாவில் ஆயுதக் குழுக்களின் கொடுமை பெருகியபின் வீடிழந்தோர் தொகை 2023இல் இருபது இலட்சத்தைத் தாண்டிற்று. துப்பாக்கிக்கு அஞ்சி ஓடியவனுக்குக் குழியும் எருவும் என்ன செய்யும்?

அபிஜானிலோ லோமேயிலோ காவற்காரனாகவோ சுமை தூக்குபவனாகவோ கோடையைக் கழிக்கும் நைஜர் உழவனுக்கு மே மாதம் பிறந்ததும் மனம் நிலைகொள்ளாது. முன்னாளில், வடக்கேயிருந்து வரும் பாரவூர்தி ஓட்டுநரிடம் மழைச் செய்தி கேட்க வேண்டியிருந்தது. இந்நாளில் இரவு வேளையிற் கைத்தொலைபேசியில் வீட்டாரை அழைக்கிறான். மண் எவ்வளவு ஆழத்துக்கு நனைந்தது என்பது முதற் கேள்வி. மேலாக நனைந்தது என்றால் இன்னுஞ் சில நாள் கூலி பெறலாம். கையளவு ஆழம் என்றால் அன்றே மூட்டை கட்டவேண்டும். விதைக் கம்பு இன்னும் இருக்கிறதா, உண்டு தீர்ந்துவிட்டதா என்பது இரண்டாவது கேள்வி.